சின்ன ரயில்களும் சிறு வணிகர்களும்

அரை மில்லிமீட்டர் துளைபோடும் ‘டிரில் பிட்’ ஒன்றின் விலையைக் கைப்பேசியில் ஒப்பிட்டுப் பார்த்தேன். இந்தக் கட்டுரைக்குக் காரணம் அதுதான்.

மாணவர் பரிமாற்றத் திட்டத்தின்கீழ் ஒரு பருவம் இங்கிலாந்தில் படித்தபோது, வகுப்பு நண்பன் ஒருவன் சனிக்கிழமை காலையில் என்னை மாதிரி ரயில் கண்காட்சிக்கு அழைத்துச் சென்றான். இடம், ஓர் உயர்நிலைப் பள்ளியின் விளையாட்டு மண்டபம். கதவு திறக்கும் முன்பே வாசலில் வரிசை. முதுகுப் பையோடு தாத்தாக்கள், பேரப்பிள்ளைகளைக் கையில் பிடித்தபடி பாட்டிகள், எங்கள் வயதுக்காரர்கள் சிலர்.

உள்ளே மண்டபத்தின் நடுவில் ‘லேஅவுட்’ என்று அழைக்கப்படும் சின்னஞ்சிறு ரயில் உலகங்கள். மலை, பாலம், நிலையம், புகைபடிந்த தொழிற்சாலைச் சுவர் என்று ஒவ்வொன்றும் பல ஆண்டு உழைப்பு. சுவரோரமாகச் சுற்றிலும் வணிகர்களின் மேசைகள். நண்பன் ரயில்களைப் பார்க்கப் போனான். நான் மேசைகள் பக்கம் போனேன். பாசார் மாலாமில் வளர்ந்த கண் கடைகளைத்தானே முதலில் தேடும்!

ஒரு மேசையின் பின்னால் எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் உட்கார்ந்திருந்தார். முன்னால் சிறு சிறு இழுப்பறைகள், கையால் பெயர் எழுதிய பிளாஸ்டிக் உறைகள். ஓர் ஓரத்தில் நுண்ணிய டிரில் பிட்டுகள். பல்கலைக்கழகப் பயிற்சித் திட்டம் ஒன்றுக்காகப் பித்தளைத் தகட்டில் துளையிடும்போது அந்த வாரம்தான் நான்கு பிட்டுகளை உடைத்திருந்தேன். அதைச் சொன்னதும் எப்படிப் பிடித்தாய் என்று கேட்டார். நான் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு, விரலால் சுழற்றும் ஒரு சிறு கைப்பிடியை எடுத்தார். துளை வரவேண்டிய இடத்தில் முதலில் ஊசியால் ஒரு புள்ளி குத்த வேண்டும். ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டும். அழுத்தக் கூடாது, சுழற்சியே வேலையைச் செய்யும். அடிக்கடி வெளியே எடுத்துத் துகளைத் துடைக்க வேண்டும். பத்து நிமிடம் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார்.

நன்றி சொல்லிவிட்டு இரண்டு மேசை தள்ளிப் போய்க் கைப்பேசியை எடுத்தேன். அவரிடம் மூன்று பிட்டுகள் வாங்கும் காசுக்கு இணையத்தில் பத்து கிடைத்தது. வாங்காமல் நகர்ந்துவிட்டேன்.

மதியம் சாப்பிடும்போது நண்பனிடம் அதைச் சொன்னேன், கெட்டிக்காரத்தனமாக ஏதோ செய்துவிட்டதைப் போல. அவன் அந்த மேசையில் தான் வாங்கிய சக்கரங்களை எடுத்துக் காட்டினான். அவர் அடுத்த ஆண்டு வரமாட்டாராம், தொழிலை விடப்போகிறாராம் என்றான். அந்தச் சக்கரங்கள் இனி எங்கே கிடைக்கும் என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை.

காட்சியை நடத்துவது யார்?

பிரிட்டனில் மாதிரி ரயில் ஒரு பழைய பொழுதுபோக்கு. லண்டனின் ‘தி மாடல் ரெயில்வே கிளப்’ 1910ல் தொடங்கப்பட்டது. லிவர்பூலைச் சேர்ந்த ஃபிராங்க் ஹார்ன்பி 1920ல் தம் பெயரில் பொம்மை ரயில்களை விற்கத் தொடங்கினார். இன்றும் லண்டன் அலெக்சாண்டிரா மாளிகை, கிளாஸ்கோ, யார்க் எனப் பெரிய கண்காட்சிகள் உண்டு. ஆனால், ஆண்டு முழுவதும் வார இறுதிகளில் நடப்பவற்றில் பெரும்பாலானவை நான் பார்த்ததைப் போன்ற சிறு காட்சிகள்தாம். பள்ளி மண்டபம், தேவாலயக் கூடம், சமூக மன்றம் என்று கிடைத்த இடத்தில் உள்ளூர் மன்றங்களின் தொண்டூழியர்கள் நடத்துகிறார்கள்.

இதன் பணக் கணக்கு சுவையானது. லேஅவுட்டைக் கொண்டுவருபவர்களுக்குப் பொதுவாகச் சம்பளம் கிடையாது. ஆனால், வேன் வாடகை, பெட்ரோல், தூரத்திலிருந்து வந்தால் ஓர் இரவுத் தங்கல் ஆகியவற்றை மன்றம் ஏற்றுக்கொள்ளும். மண்டப வாடகையும் காப்புறுதியும் வேறு. இவற்றுக்கான பணம் மூன்று வழிகளில் வருகிறது: நுழைவுச்சீட்டு, தேநீர்க்கடை, வணிகர்கள் தரும் மேசை வாடகை.

ஆக, சுவரோரம் உட்கார்ந்திருக்கும் வணிகர் வெறும் கடைக்காரர் அல்லர். நடுவில் ஓடும் ரயிலுக்கு அவரும் ஒரு பங்கு கட்டணம் கட்டியிருக்கிறார். மேசைகள் காலியானால் நுழைவுச்சீட்டின் விலை ஏறும், அல்லது லேஅவுட்டுகளின் எண்ணிக்கை குறையும்.

2.33 மில்லிமீட்டர் உருவாக்கிய சந்தை

நண்பன் வாங்கிய சக்கரங்களுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. பொறியியல் மாணவர்களுக்கு அது பிடிக்கும்.

ஐரோப்பாவில் பரவலான ‘எச்ஓ’ அளவில் ஓர் அடியை 3.5 மில்லிமீட்டராகச் சுருக்குவார்கள். தண்டவாளத்தின் இடைவெளி 16.5 மில்லிமீட்டர். பிரிட்டனின் நிஜ ரயில் இஞ்சின்களோ ஐரோப்பிய இஞ்சின்களைவிட உருவத்தில் சிறியவை. அங்குள்ள பாலங்களும் சுரங்கங்களும் குறுகலானவை என்பதால் அப்படி. அவற்றை அதே அளவில் சுருக்கினால், அக்கால மின்மோட்டார்களை உள்ளே பொருத்த இடம் போதவில்லை. அதனால் இஞ்சினின் உடலை மட்டும் அடிக்கு 4 மில்லிமீட்டர் என்று பெரிதாக்கினார்கள். தண்டவாளத்தைப் பழைய அளவிலேயே விட்டுவிட்டார்கள். இதுதான் ‘டபுள் ஓ’. பிரிட்டனில் இன்றும் அதிகம் விற்பது இந்த அளவுதான்.

இப்போது கணக்குப் போடுவோம். நிஜத் தண்டவாளத்தின் இடைவெளி 1,435 மில்லிமீட்டர். அதை 76.2ஆல் வகுத்தால் 18.83 வரும். கடையில் கிடைப்பதோ 16.5. வித்தியாசம் 2.33 மில்லிமீட்டர். முன்னாலிருந்து பார்த்தால் இஞ்சின் ஒடுங்கிய காலில் நிற்பதுபோல் இருக்கும்.

பலர் இதைக் கண்டுகொள்வதில்லை. கண்டுகொள்ளும் சிலர் இடைவெளியை 18.2 ஆகவோ சரியாக 18.83 ஆகவோ மாற்றி அமைக்கிறார்கள். அப்படி மாற்றினால் சக்கரம், அச்சுத்தண்டு, அடிச்சட்டம், தண்டவாளம் எல்லாமே புதிதாக வேண்டும். பெரிய நிறுவனங்கள் இதைச் செய்வதில்லை. பிளாஸ்டிக் வார்ப்புக்கான எஃகு அச்சு செய்யவே பெரும் செலவாகும். ஆயிரக்கணக்கில் விற்றால்தான் அந்த முதல் திரும்பும். நூறு பேருக்கு மட்டும் தேவைப்படும் ஒரு பொருளைத் தொழிற்சாலை தொடாது.

அந்த நூறு பேருக்கான பொருளைத்தான் சுவரோர மேசைகள் விற்கின்றன. சக்கரங்கள் மட்டுமா? ஏதோ ஒரு கிராமத்து நிலையத்தில் மட்டும் இருந்த விளக்குக் கம்பம், 1930களில் ஓடிய பால் வண்டியின் கைப்பிடி, பெட்டியின் பக்கவாட்டில் ஒட்ட வேண்டிய எண்கள் என்று ஒவ்வொரு மேசைக்கும் ஒரு தனி உலகம்.

சமையலறை மேசையிலிருந்து கண்காட்சி மேசைக்கு

இவற்றை எப்படிச் செய்கிறார்கள்? முக்கியமாக மூன்று வழிகள்.

முதலாவது, ரசாயனத்தால் அரித்தெடுப்பது. பித்தளை அல்லது ‘நிக்கல் சில்வர்’ தகட்டின்மீது ஒளியால் படம் பதித்து, வேண்டாத பகுதியைக் கரைசலில் கரைத்துவிடுவார்கள். மடிக்க வேண்டிய கோட்டில் மட்டும் பாதி ஆழத்துக்குக் கரைப்பார்கள். வாங்குபவர் அந்தக் கோட்டில் மடித்தால் தகடு பெட்டியாகிவிடும். நிக்கல் சில்வரில் பெயரைத் தவிர வெள்ளி கிடையாது. அது செம்பு, துத்தநாகம், நிக்கல் சேர்ந்த கலவை. சிறு வணிகர் கணினியில் வரைபடத்தைத் தயாரித்து, அரித்துத் தரும் நிறுவனத்துக்கு அனுப்புவார். தகடு தகடாகத்தான் வாங்க முடியும். விற்குமா விற்காதா என்பது தெரியும் முன்பே பணம் கட்ட வேண்டும்.

இரண்டாவது, உலோக வார்ப்பு. வெள்ளீயத்தை முதன்மையாகக் கொண்ட, குறைந்த வெப்பத்தில் உருகும் உலோகக் கலவையை, சுழலும் ரப்பர் அச்சில் ஊற்றுவார்கள். சுழற்சியின் விசையால் உலோகம் மூலைமுடுக்கெல்லாம் பாயும். ஆனால், ரப்பர் அச்சு சூட்டில் தேயும். தேய்ந்ததும் மூலப் பொருளை வைத்துப் புது அச்சு எடுக்க வேண்டும். மூலம் தொலைந்துபோனால் அந்தப் பொருளின் கதை அத்தோடு முடிந்தது.

மூன்றாவது, நம் தலைமுறைக்குப் பழக்கமான முப்பரிமாண அச்சு. ரெசின் அச்சு இயந்திரம் ஒன்று இருந்தால் படுக்கையறையிலேயே தொழில் தொடங்கிவிடலாம். அச்சு வார்க்கும் செலவு இல்லை. பத்துப் பேர் கேட்டால் பத்து மட்டும் செய்யலாம். லேசர் வெட்டில் அட்டைக் கட்டடங்கள் செய்து விற்பவர்களும் இப்படித்தான் வருகிறார்கள். நான் பார்த்த கண்காட்சியில் இருந்த இளம் வணிகர்கள் எல்லாரும் இந்த வகைதான்.

பழைய இஞ்சின்களை வாங்கி விற்போரும் உண்டு. அவர்களின் மேசையில் ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரு தண்டவாளம் கிடக்கும். வாங்கும் முன் இஞ்சினை அதில் வைத்து ஓட்டிக் காட்டுவார்கள். முன்னும் பின்னும் போய்வந்தால்தான் காசு கைமாறும். இணையத்தில் படம் பார்த்து வாங்குபவருக்குக் கிடைக்காத உத்தரவாதம் அது.

எட்டு உறை, ஒரு மணி நேரம்

இந்தத் தொழிலில் எவ்வளவு மிஞ்சும்? கணக்குப் புரிவதற்காக நானே சில எண்களை வைத்துப் பார்க்கிறேன். இரண்டு நாள் காட்சிக்கு மேசை வாடகை 60 பவுண்டு, பெட்ரோல் 50, ஓர் இரவுத் தங்கல் 80 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 190 பவுண்டு. ஓர் உறை 5 பவுண்டுக்கு விற்று, பொருளின் அடக்கவிலை போக 2 பவுண்டு நின்றால், செலவை ஈடுகட்டவே 95 உறைகள் விற்க வேண்டும். நாளுக்கு ஆறு மணி நேரம் என்றால் மணிக்கு எட்டு உறை.

அதாவது ஏழரை நிமிடத்துக்கு ஒன்று. 96வது உறையிலிருந்துதான் அவருக்கு வருமானம். அதிலும் வெள்ளிக்கிழமை வேனில் ஏற்றிய நேரம், ஞாயிற்றுக்கிழமை இரவு வீடு திரும்பிய நேரம், வார நாள்களில் உறையில் போட்டு ஒட்டிய நேரம் எதுவும் சேரவில்லை.

இந்தக் கணக்கைப் போட்டபோதுதான் எனக்கு உறைத்தது. எனக்குப் பாடம் நடத்திய பத்து நிமிடத்தில் அவர் குறைந்தது ஓர் உறையாவது விற்றிருக்க வேண்டும். நான் அதை வாங்கவும் இல்லை. வேறொருவர் வாங்கவும் வழிவிடவில்லை.

ஓய்வூதியத்தோடு இதைச் செய்பவர்கள் பலர் என்பதால் இந்தக் கணக்கு எப்படியோ ஓடுகிறது. இதையே முழுநேரத் தொழிலாக நம்பியிருப்பவர்களுக்கு அந்த வசதி இல்லை.

இணையம் போதாதா?

எல்லாரும் இணையத்தில் விற்கலாமே என்று தோன்றும். பெரும்பாலோர் விற்கத்தான் செய்கிறார்கள். 2020 மார்ச்சில் கொவிட்-19 கட்டுப்பாடுகள் வந்து கண்காட்சிகள் நின்றபோது, அஞ்சலில் அனுப்பித்தான் பலர் தாக்குப்பிடித்தார்கள்.

ஆனால், அந்த வழியிலும் மேடுபள்ளங்கள் உண்டு. 2021 ஜனவரி முதல் பிரிட்டனிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குப் போகும் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் சுங்க அறிவிப்பு வேண்டும். 2024 டிசம்பர் 13 முதல் ஒன்றியத்தின் புதிய பொருள் பாதுகாப்பு விதிமுறை நடப்புக்கு வந்தது. வெளியிலிருந்து விற்பவருக்கு ஒன்றியத்துக்குள் ஒரு பொறுப்பாளர் இருக்க வேண்டும் என்பது அதன் விதிகளில் ஒன்று. வட அயர்லாந்துக்கும் அது பொருந்தும். பெரிய நிறுவனம் அதற்கென ஓர் அலுவலகம் வைத்துக்கொள்ளும். 3 பவுண்டு விளக்குக் கம்பம் விற்பவர் என்ன செய்வார்? சிறு வணிகர்கள் சிலர் அங்கே அனுப்புவதையே நிறுத்திக்கொண்டார்கள்.

அதைவிட முக்கியமானது ஒன்று. இணையத்தில் தேட, பொருளின் பெயர் தெரிந்திருக்க வேண்டும். இந்தப் பொழுதுபோக்குக்குப் புதிதாக வரும் பிள்ளைக்குத் தனக்கு என்ன தேவை என்பதே தெரியாது. “என் இஞ்சின் வளைவில் தடம்புரள்கிறது” என்று மேசைக்கு முன்னால் வந்து நிற்கும். சக்கரத்தின் பின்பக்க இடைவெளியை அளந்து பார் என்று சொல்ல அங்கே ஒருவர் இருக்கிறார். அந்தப் பதிலுக்கு அவர் காசு வாங்குவதில்லை. உறையை விற்றால்தான் அந்தப் பதிலும் தொடர்ந்து கிடைக்கும்.

அச்சு கைமாறினால் பிழைக்கும்

பெரிய பெயர்களே நிலைக்காத காலம் இது. பர்மிங்ஹாமின் தேசியக் கண்காட்சி நிலையத்தில் வார்லி மன்றத்தின் தொண்டூழியர்கள் நடத்திவந்த பெரிய கண்காட்சி, 2023 நவம்பரோடு முடிவுக்கு வந்தது. 1946ல் லிவர்பூலில் தொடங்கி, இணைய விற்பனையிலும் முன்னணியில் இருந்த ஹேட்டன்ஸ் நிறுவனம், கடையை மூடப்போவதாக 2024 ஜனவரியில் அறிவித்தது. இணையத்தில் விற்றால் பிழைத்துக்கொள்ளலாம் என்ற என் எண்ணத்துக்கு அது ஒரு பதில்.

சிறு வணிகர் ஓய்வுபெறும்போது இன்னொரு கேள்வி எழுகிறது. அச்சுகளையும் வரைபடங்களையும் யார் எடுத்துக்கொள்வது?

நல்லபடியாக முடிந்த கதைகளும் உண்டு. வில்ஸ், ரேஷியோ, பார்க்சைடு ஆகிய பெயர்களில் வெவ்வேறு ஆள்கள் தொடங்கிய பிளாஸ்டிக் பாகங்கள், டெவன் வட்டாரத்தின் பியர் கிராமத்திலுள்ள ‘பீக்கோ’ குழுமத்தின்கீழ் இன்றும் விற்பனையில் உள்ளன. ‘கிட்மாஸ்டர்’ என்ற பெயரில் 1950களின் இறுதியில் வெளிவந்த இஞ்சின் பாகத் தொகுப்புகளின் அச்சுகள் சில ஏர்ஃபிக்ஸ் நிறுவனத்துக்குப் போய், பிறகு டேப்போல் நிறுவனத்தின் கைக்கு வந்தன. அறுபது ஆண்டுக்கு முந்தைய அச்சிலிருந்து வந்த இஞ்சினை இன்றைய பிள்ளைகளும் ஒட்டிச் சேர்க்கலாம்.

ஆனால், எஃகு அச்சு கைமாறுவதுபோல் ரப்பர் அச்சு எளிதில் கைமாறாது. அதை எடுத்துக்கொள்பவருக்கு வார்க்கும் இயந்திரம் வேண்டும், உலோகத்தின் சூடு தெரிய வேண்டும், எந்த மூலை நிரம்பாமல் போகும் என்ற அனுபவம் வேண்டும். இவை எந்த உறையிலும் எழுதப்பட்டிருக்காது.

நமக்கு இதில் என்ன?

இங்கே ஊர் திரும்பியதும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். மலாயா ரயிலின் பாதை மீட்டர் பாதை, அதாவது 1,000 மில்லிமீட்டர். 2011ல் மூடப்பட்ட தஞ்சோங் பகார் நிலையத்தை ‘எச்ஓ’ அளவில் மாதிரியாகச் செய்ய ஒருவர் ஆசைப்பட்டால், 1,000ஐ 87ஆல் வகுக்க வேண்டும். விடை ஏறத்தாழ 11.5. சுவிட்சர்லாந்தின் மீட்டர் பாதை ரயில்களுக்காக 12 மில்லிமீட்டர் தண்டவாளம் விற்கிறார்கள். அதை வாங்கிக்கொள்ளலாம். நிலையத்தின் வளைவுகள், தூண்கள், நடைமேடைக் கூரை ஆகியவற்றைக் கையால்தான் செய்ய வேண்டும். ஒருவர் அவற்றை வரைந்து அச்சிட்டு, நாலு பேருக்கு விற்கத் தொடங்கினால், அவர்தான் நம்மூரின் முதல் சுவரோர மேசை. முப்பரிமாண அச்சு இயந்திரம் இப்போது பல பள்ளிகளிலும் இருக்கிறது. குறைவது வாங்குகிறவர்களும் சொல்லிக்கொடுக்கிறவர்களும்தான்.

வணிகவியல் வகுப்பில் நாம் பெரிய சந்தை, பெரிய லாபம் என்றே படிக்கிறோம். நூறு பேருக்காக மட்டும் ஒருவர் கடை போடுவதைப் பாடநூலில் நான் பார்த்ததில்லை. ஆனால், அந்த நூறு பேருக்கு அவரை விட்டால் வேறு ஆள் இல்லை.

அன்று மாலை நான்கு மணிக்கு மேல் மறுபடியும் அந்த மேசைக்குப் போனேன். அவர் இழுப்பறைகளை அடுக்கத் தொடங்கியிருந்தார். நான் கேட்ட அரை மில்லிமீட்டர் பிட் தீர்ந்துவிட்டது. 0.6 இருந்தது. மூன்று வாங்கினேன். பழைய அச்சுகளை யார் எடுத்துக்கொள்கிறார்கள் என்று கேட்டேன். இரண்டு பேரிடம் பேசியிருப்பதாகவும், ஒருவர் விலை அதிகம் என்று போய்விட்டதாகவும், இன்னொருவர் யோசிப்பதாகவும் சொன்னார். வார்க்கக் கற்றுக்கொள்ள ஆர்வமிருந்தால் வீட்டுக்கே வரலாம் என்று என்னிடமும் சொல்லிவைத்தார். பருவம் முடிய மூன்று வாரமே இருந்தது. நான் போகவில்லை.

என் பயிற்சித் திட்டத்தில் துளையின் அளவை 0.6 என்று மாற்றிக்கொண்டேன். ஒரு புள்ளி, ஒரு சொட்டு எண்ணெய், அழுத்தாமல் சுழற்சி. நாற்பதுக்கும் மேற்பட்ட துளைகள் போட்டுவிட்டேன். முதல் பிட் இன்னும் உடையவில்லை.